ஸ்டார் ஹெல்த் தகவல் கசிவு: பான் எண் வெளியே போனபின் கடன் வரலாற்றைக் காப்பது

2024 செப்டம்பர் 20 அன்று ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கின்றன என்றது அந்தச் செய்தி. இரண்டு சாட்பாட்கள் இயங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் கேட்டால் கிளெய்ம் தாள்கள் பிடிஎஃப் ஆக வந்து விழுந்தன. இன்னொன்றில் ஒரே சொடுக்கில் 20 மாதிரிகள் வரை வாங்கலாம். பெயர், பாலிசி எண் தொடங்கி உடல் நிறை குறியீடு வரை வரும். ராய்ட்டர்ஸ் சோதித்துப் பார்த்து 1,500க்கும் மேற்பட்ட கோப்புகளை இறக்கியது. சில கோப்புகள் அதே ஆண்டு ஜூலை மாதத்தவை. முகவரி, போன் எண், வருமான வரி விவரம், அடையாள அட்டை நகல், ரத்தப் பரிசோதனை முடிவு, நோயின் பெயர் என எல்லாமே அவற்றில் இருந்தன. தன்னிடம் 3.1 கோடிப் பேரின் 7.24 டெராபைட் தகவல் இருப்பதாக, ‘ஸென்ஸென்’ என்ற புனைபெயருக்குள் இருந்தவர் சொல்லிக்கொண்டார்.

அடையாளம் தெரியாத ஒருவர் ஆகஸ்ட் 13 அன்றே தொடர்புகொண்டார் என்றும், தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவுக்கும் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தகவல் கொடுத்துவிட்டோம் என்றும் நிறுவனம் விளக்கியது. பரவலான பாதிப்பு இல்லை என்பதே அதன் முதல் நிலைப்பாடு. பிறகு டெலிகிராம் மீதும் அந்தப் புனைபெயர்க்காரர் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, சாட்பாட்களையும் இணையப் பக்கங்களையும் முடக்க இடைக்கால உத்தரவு பெற்றது. குறிவைத்து நடத்தப்பட்ட சைபர் தாக்குதலுக்கு ஆளானதாகவும், 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததாகவும் அக்டோபரில் தெரிவித்தது.

சாட்பாட்கள் நீக்கப்பட்டன, வேறு சில முளைத்தன. நீதிமன்றம் ஒரு இணைப்பை மூடச் சொல்லலாம். ஏற்கெனவே யாரோ இறக்கி வைத்திருக்கும் நகலை எந்த உத்தரவாலும் திரும்ப வாங்க முடியாது. பாலிசிதாரர் செய்ய வேண்டிய வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஸ்டார் ஹெல்த்தில் பாலிசி இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். எந்தக் காப்பீட்டு நிறுவனமானாலும், மருத்துவமனையானாலும் வைத்திருக்கும் கோப்பு ஏறக்குறைய இதே கோப்புதான்.

கோப்பில் இருப்பது என்ன

வங்கியிலிருந்து கசிந்தால் கணக்கு எண் போகும். மளிகைச் செயலியிலிருந்து கசிந்தால் போன் எண்ணும் முகவரியும் போகும். மருத்துவக் காப்பீட்டுக் கோப்பிலிருந்து கசிந்தால் ஒரு மனிதர் முழுவதுமாகப் போய்விடுகிறார். 2023 ஜனவரி 1 முதல் எந்தப் பாலிசி எடுத்தாலும் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம் என்பதால் பான், ஆதார் நகல்கள் தொடக்கத்திலேயே உள்ளே போய்விடுகின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் பணத்தைத் திரும்பப் பெற நிரப்பும் கிளெய்ம் படிவத்தை எடுத்துப் பாருங்கள். முதல் பகுதியிலேயே பான் எண், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி எண், கடைசியில் கையெழுத்து. அதோடு ‘கேன்சல்டு’ என்று குறுக்கே எழுதிய காசோலை இணைக்கப்பட்டிருக்கும். குடும்ப பாலிசி என்றால் மனைவி, பிள்ளைகள், பெற்றோரின் பிறந்த தேதியும் அதே கோப்பில் இருக்கும்.

இவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் வேலை தெளிவாகும். பாஸ்வேர்டு, ஏடிஎம் பின், கார்டு எண் ஆகியவை மாற்றக்கூடியவை. ஒரு மதிய நேரத்தில் மாற்றிவிடலாம். பான் எண், பிறந்த தேதி, அப்பா பெயர், ஆதார் எண் ஆகியவை மாறவே மாறாதவை. பான் அட்டை தொலைந்தது என்று புதிதாக வாங்கினாலும் அதில் பழைய எண்தான் அச்சாகி வரும். மாற்ற முடிந்தவற்றை மாற்றிவிட்டு எல்லாம் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கடன் மோசடிக்குத் தேவைப்படுவதோ மாற்ற முடியாத அந்த இரண்டாவது வகைதான்.

தாள் எப்படிக் கடனாகிறது

2023 மார்ச்சில் டெல்லி போலீஸ் ஐந்து பேரைப் பிடித்தது. புனேயைச் சேர்ந்த ஒரு ஃபின்டெக் (தொழில்நுட்பவழி நிதிச் சேவை) நிறுவனத்திடம் தோனி, அபிஷேக் பச்சன் போன்ற பிரபலங்களின் பெயரில் கிரெடிட் கார்டு வாங்கி, 21.32 லட்சம் ரூபாய்க்குச் செலவழித்திருந்தார்கள். பான் எண்ணைத் தேடி அவர்கள் எங்கும் ஊடுருவவில்லை. ஜிஎஸ்டி எண்ணில் மொத்தம் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் அப்படியே பான் எண். பிரபலங்களின் ஜிஎஸ்டி எண் இணையத்தில் கிடைத்தது, பிறந்த தேதியும் கிடைத்தது. அந்த விவரங்களோடு தங்கள் போட்டோவை ஒட்டிப் போலி பான் அட்டை செய்துகொண்டார்கள். வீடியோ சரிபார்ப்பில் கேமரா முன் உட்கார்ந்த முகமும் அட்டையில் இருந்த முகமும் ஒத்துப்போனதால் கார்டு வந்துவிட்டது.

இந்த வழக்கில் பூட்டு உடைந்த இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பான் எண் உண்மை, பெயர் உண்மை, பிறந்த தேதி உண்மை. போட்டோவும் போன் எண்ணும் மட்டும் திருடனுடையவை. கடன் கொடுத்தவரின் கணினிக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஓடிபி எல்லாம் திருடனின் போனுக்கே போவதால் உங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் கூட வராது. “எனக்கு ஓடிபி எதுவும் வரவில்லையே, அப்படியென்றால் பத்திரமாகத்தானே இருக்கிறேன்” என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பெரிய தொகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. 2022 பிப்ரவரியில் ஒரு கடன் செயலியில் தங்கள் பான் எண்ணைக் கொண்டு வேறு யாரோ சிறு கடன்கள் வாங்கியிருப்பதாகப் பலர் சமூக வலைதளங்களில் எழுதினார்கள். தன் பெயரில் 2,000 ரூபாய்க் கடன் இருப்பதாக நடிகை சன்னி லியோனும் அப்போது பதிவிட்டார். 2,000 ரூபாய்க் கடன் ஆறு மாதம் கட்டப்படாமல் கிடந்தால் போதும். வீட்டுக் கடனுக்குப் போகும்போது மேலாளர் மேசையில் முதலில் நிற்பது அதுதான்.

முதல் வாரம்

நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு, என் ஆவணங்கள் கசிவில் உள்ளனவா, எவை, எந்தத் தேதி வரையிலானவை என்று கேளுங்கள். தெளிவான பதில் வராமல் போகலாம். இருந்தாலும் அந்த மின்னஞ்சல் பிறகு உதவும். உங்கள் பெயரில் கடன் முளைத்தால், அதற்கு முன்பே உங்கள் தாள்கள் வெளியே போயிருந்தன என்பதற்குத் தேதியிட்ட சாட்சி அது.

அடுத்தது போன் எண். வங்கி, ஆதார், மின்னஞ்சல் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கின்றன என்று பார்க்கலாம். உங்களுடையதல்லாத எண்ணை அங்கேயே ‘என் எண் அல்ல’ என்று குறித்தால் போதும். போனில் திடீரென்று டவர் போய், பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் காத்திருக்காதீர்கள். வேறு போனிலிருந்து சேவை மையத்தைக் கூப்பிட்டு, சிம் மாற்றக் கோரிக்கை ஏதாவது வந்ததா என்று கேளுங்கள். மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றி இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுவதும் அன்றைக்கே முடிய வேண்டிய வேலை.

ஆதாரில் இரண்டு பூட்டுகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பயோமெட்ரிக் பூட்டு கைரேகை, கருவிழி, முகச் சரிபார்ப்பை மட்டும் நிறுத்தும். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மைக்ரோ ஏடிஎம் மோசடிக்கு அது நல்ல தடுப்பு, ஆனால் ஓடிபி வழியாக நடக்கும் சரிபார்ப்பை அது தடுக்காது. அதற்கு ஆதார் எண்ணையே பூட்ட வேண்டும். பூட்டியபின் 12 இலக்க எண்ணைக் கொண்டு எந்தச் சரிபார்ப்பும் நடக்காது. 16 இலக்க மெய்நிகர் எண்ணைக் கொடுத்தால்தான் நடக்கும். ஆகவே முதலில் மெய்நிகர் எண்ணை உருவாக்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பூட்டுங்கள். மைஆதார் தளத்திலும் எம்ஆதார் செயலியிலும் இதைச் செய்யலாம். அதே தளத்தில் கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற வரலாறும் இருக்கிறது. நீங்கள் எங்கும் போகாத நாளில் ஓடிபி சரிபார்ப்பு ஒன்று பதிவாகியிருந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் சொல்லாமல் பயோமெட்ரிக்கைப் பூட்டினால் ரேஷன் கடையில் சிக்கல் வரும். வரிசையில் நின்று விரல் வைத்தபின் இயந்திரம் மறுக்கும், கடைக்காரருக்கும் காரணம் புரியாது. பாட்டிக்கு நவம்பரில் ஓய்வூதிய வாழ்நாள் சான்று கொடுக்கும்போதும் இதே கதைதான். கிளம்பும் முன் செயலியில் தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் போக வேண்டும்.

வங்கிப் பக்கம் ஒரு சிறு விஷயம். கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் தெரிந்தவர் பணம் போடத்தான் முடியும், எடுக்க முடியாது. கவலை கையெழுத்துள்ள தாளைப் பற்றியது. மாதத் தவணை தானாகக் கழியும் என்ஏசிஎச் ஆணையைத் தாளில் கையெழுத்திட்டும் பதிவு செய்ய முடியும். நெட்பேங்கிங்கில் அந்த ஆணைகளின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் ரத்து செய்துவிட்டு வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கணக்கிலிருந்து அனுமதியில்லாமல் பணமே போய்விட்டால் நேரம் முக்கியம். தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் அல்லாத இடத்தில், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம் என்கிறது 2017 ஜூலை ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. நான்கிலிருந்து ஏழு நாள் ஆனால் ஒரு பகுதி உங்கள் தலையில் விழும். அதற்கும் மேல் போனால் வங்கியின் கொள்கைப்படிதான். அதே நேரத்தில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கும் கூப்பிட வேண்டும்.

கசிவுக்குப் பிறகு வரும் அழைப்புகளில் உங்கள் பாலிசி எண், மகன் பெயர், போன வருட அறுவை சிகிச்சை வரை சொல்வார்கள். இத்தனை தெரிந்தவர் கம்பெனியில் இருந்துதான் பேசுவார் என்று தோன்றும். போனை வைத்துவிட்டு, பாலிசித் தாளில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

கடன் அறிக்கையைப் படிப்பது

யார் எந்தக் கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்ற வரலாற்றைத் தொகுத்து வைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நம்மூரில் எல்லாவற்றுக்கும் ‘சிபில்’ என்றே பெயர். 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் காலண்டர் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதாவது வருடத்துக்கு நான்கு. ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று எடுத்தால் ஒரு பைசா செலவில்லாமல் ஆண்டு முழுவதும் கண் இருக்கும். தளத்துக்குள் நுழைந்ததும் மாதச் சந்தாவைத்தான் முன்னால் காட்டுவார்கள். இலவச அறிக்கைக்கான இணைப்பு ஒரு ஓரத்தில் இருக்கும், தேடி எடுக்க வேண்டும். மற்ற செயலிகள் காட்டும் ‘இலவச ஸ்கோர்’ போதாது. எண் 760 என்று தெரிவதால் என்ன பயன், உள்ளே யார் பெயரில் எந்தக் கடன் இருக்கிறது என்றல்லவா பார்க்க வேண்டும்!

கசிவு நடந்த வருடத்தில் மட்டும் இந்தக் காலாண்டு முறையை ஒதுக்கிவிட்டு நான்கையும் ஒரே வாரத்தில் எடுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. கடன் கொடுக்கும் எல்லா நிறுவனங்களும் நான்கிலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது 2015லிருந்து விதி. எனவே வழங்கப்பட்ட கடன் நான்கிலும் தெரிய வேண்டும். ஆனால் கடனுக்கு விண்ணப்பம் வந்ததும் கொடுப்பவர் செய்யும் ‘விசாரணை’, அவர் எந்த நிறுவனத்திடம் கேட்டாரோ அதில் மட்டுமே பதிவாகும். திருடன் இன்று விண்ணப்பித்தால் கிரிஃபில் தெரியும் தடம் சிபிலில் இருக்காது. கடன் கைக்குப் போகும் முன்பே பிடிக்க வேண்டுமானால் நான்கையும் பார்த்தாக வேண்டும். சுய உதவிக் குழு, நுண்கடன் வாங்கும் பெண்கள் கிரிஃப் அறிக்கையை முதலில் எடுப்பது நல்லது. நுண்கடன் துறையில் வேர்விட்டு வளர்ந்த நிறுவனம் அது.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் கடன் பட்டியலுக்குத் தாவுவார்கள். தொடங்க வேண்டிய இடம் தொடர்பு விவரப் பகுதி. உங்கள் பெயருக்குக் கீழே முகவரிகளும் போன் எண்களும் மின்னஞ்சல்களும் இருக்கும். மதுரையை விட்டு எங்கும் குடிபோகாதவரின் அறிக்கையில் வேறு மாநில முகவரி ஒன்றும், அறியாத பத்து இலக்க எண் ஒன்றும் ஏறியிருந்தால் கதவு திறந்துவிட்டது என்று பொருள். கடன் இன்னும் பட்டியலில் ஏறாமல் இருக்கலாம். கடன் நிறுவனங்கள் தகவலை அனுப்புவது 2025 ஜனவரியிலிருந்து மாதம் இருமுறை, அதற்கு முன் மாதம் ஒருமுறை. அந்த இடைவெளியில் விண்ணப்பத்தில் எழுதிய போன் எண் முதலில் எட்டிப் பார்க்கும்.

பிறகு விசாரணைப் பட்டியல். ஒவ்வொரு வரியிலும் தேதி, நிறுவனத்தின் பெயர், நோக்கம், தொகை இருக்கும். நீங்கள் எந்தக் கடைக்கும் போகாத ஒரு செவ்வாய்க்கிழமையில் ‘நுகர்வோர் கடன், 40,000’ என்று ஒரு வரி இருந்தால், அந்த நிறுவனத்துக்கு அன்றைக்கே எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் கணக்குகள். மாதம் மாதமாக ஒரு கட்டத்துக்குள் மூன்று எழுத்துகள் வரும்: 000 என்றால் தேதி தவறாமல் கட்டியது, 060 என்றால் 60 நாள் தாமதம், மூன்று எக்ஸ் என்றால் அந்த மாதத் தகவலே அனுப்பப்படவில்லை. உங்கள் கடன் இல்லாத ஒன்றில் 000 தெரிந்தாலும் நிம்மதி அடையாதீர்கள். பெரிய கடனுக்கு வழி செய்ய முதல் சில தவணைகளை ஒழுங்காகக் கட்டும் மோசடிக்காரர்களும் உண்டு.

யாராவது உங்கள் அறிக்கையைப் பார்த்தால் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அந்த எச்சரிக்கை நிறுவனத்தின் பதிவில் உள்ள எண்ணுக்குப் போகும். பதிவில் இருப்பது நீங்கள் பத்து வருடம் முன்பு விட்டுவிட்ட எண்ணாகவோ, திருடன் ஏற்றிய எண்ணாகவோ இருந்தால் எச்சரிக்கை உங்களைச் சேராது. எண்ணைச் சரிசெய்வதை முதல் நாளே முடியுங்கள்.

கடன் பட்டியலில் வராத பான் மோசடியும் உண்டு. கூலி வேலை செய்பவருக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் பலமுறை படித்திருக்கிறோம். அவர் பான் எண்ணில் யாரோ போலி வணிகம் திறந்திருப்பார்கள். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடினால், அந்தப் பானில் பதிவான ஜிஎஸ்டி எண்கள் எல்லாம் வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. வருமான வரித் தளத்தில் உள்ள வருடாந்திரத் தகவல் அறிக்கையில் நீங்கள் செய்யாத பரிவர்த்தனை ஏதாவது உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதும் தெரியும்.

பெற்றோரை மறக்காதீர்கள். வாழ்நாளில் கடனே வாங்காத அம்மாவின் பெயரில் தேடினால் ‘பதிவு இல்லை’ என்றுதான் வர வேண்டும். நகைக்கடன், கிரெடிட் கார்டு, பிள்ளைக்குப் போட்ட ஜாமீன் எதுவுமே இல்லாதவருக்கு அறிக்கை ஒன்று வந்து நின்றால், அந்த அறிக்கை இருப்பதே எச்சரிக்கை.

கடன் முளைத்துவிட்டால்

பலர் செய்யும் முதல் தவறு, சிபிலில் மட்டும் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது. கடன் தகவல் நிறுவனத்தால் தானாக எதையும் அழிக்க முடியாது. கடன் கொடுத்தவரிடம் கேட்டுத்தான் மாற்றும். கொடுத்தவரோ தன் கணினியைப் பார்ப்பார். உங்கள் பெயர், உங்கள் பான், உங்கள் பிறந்த தேதி அங்கே இருக்கும். ‘தகவல் சரியானது’ என்று பதில் போய்விடும். முப்பது நாள் வீணாகும். புகார் இரு பக்கமும் ஒரே நாளில் போக வேண்டும்: கடன் தகவல் நிறுவனத்துக்கு ‘இந்தக் கணக்கு என்னுடையதல்ல’ என்ற வகையில், அறிக்கையின் மேலே உள்ள கட்டுப்பாட்டு எண்ணைக் குறிப்பிட்டு, கடன் கொடுத்தவரின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில்.

அந்தக் கடிதம் இப்படி இருக்கலாம்:

“என் பான் எண்ணில் உங்கள் நிறுவனம் பதிவு செய்துள்ள ... எண் கொண்ட கடனை நான் வாங்கவில்லை. இதற்கு நான் விண்ணப்பிக்கவும் இல்லை, இதன் பணத்தைப் பெறவும் இல்லை. கீழ்க்கண்டவற்றை எனக்கு அனுப்பவும்: விண்ணப்பத்தின் நகல், பெறப்பட்ட அடையாள ஆவணங்களும் போட்டோவும், வீடியோ சரிபார்ப்புப் பதிவு, ஓடிபி அனுப்பப்பட்ட போன் எண், மின்கையொப்பப் பதிவு, பணம் செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கு எண், கணக்குதாரர் பெயர், யூடிஆர் எண், தேதி. விசாரணை முடியும் வரை வசூல் நடவடிக்கையை நிறுத்தவும். நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் இந்தப் பதிவை நீக்கவும்.”

இதில் உயிர்நாடி, பணம் செலுத்தப்பட்ட கணக்கின் விவரம்தான் (யூடிஆர் என்பது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி எண்). டிஜிட்டல் கடனில் பணம் கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போக வேண்டும் என்பது 2022 செப்டம்பர் ரிசர்வ் வங்கி விதி. அப்படியானால் பணம் போன கணக்கு யாருடையது? உங்களுடையது இல்லை என்று உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையால் காட்டிவிட்டால், நிரூபிக்கும் பாரம் அவர்கள் பக்கம் சாய்கிறது. போனில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். எழுத்தில் கேட்டு, மறுப்பும் எழுத்தில் வந்தால் அந்த மறுப்பே அடுத்த படிக்கான ஆவணம்.

காவல் புகார் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் தொடங்கலாம். அல்லது மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் நேரில் கொடுக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கும், 66டி ஆள்மாறாட்ட மோசடிக்கும் உரியவை. புகாரில் இவற்றைக் குறிப்பிடுங்கள். உடனே எஃப்ஐஆர் போடாவிட்டால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்த எண் இல்லாத கடிதத்தைக் கடன் நிறுவனங்கள் வேறு மாதிரி நடத்துகின்றன.

இரண்டாவது தவறு இன்னும் ஆபத்தானது. வசூல் ஆள் கூப்பிட்டு, “2,000 ரூபாய்தானே சார், கட்டிவிட்டால் குளோஸ் பண்ணிவிடுகிறோம்” என்பார். மானம் போகிறதே என்று கட்டுபவர்கள் பலர். கட்டிய நொடியில் கடன் உங்களுடையது என்று ஒப்புக்கொண்டது போலாகிறது. அந்தக் கணக்கு முடிந்த கடனாக உங்கள் வரலாற்றிலேயே தங்கிவிடுகிறது. ‘செட்டில்டு’ என்று முடித்தால் நிலைமை இன்னும் மோசம், பாக்கி வைத்துப் பேரம் பேசியவர் என்ற முத்திரை விழும். வாங்காத கடனுக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூல் அழைப்பு வரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள்.

கடன் தகவல் புகார் 30 நாளுக்குள் தீர வேண்டும். தீராவிட்டால் 31ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை. கடன் நிறுவனம் 21 நாளுக்குள் திருத்தத்தை அனுப்பாமல் தாமதித்திருந்தால் பணம் தர வேண்டியது அது. கடன் நிறுவனம் நேரத்தில் அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் திருத்தாமல் விட்டிருந்தால், தர வேண்டியது பின்னது. கேட்டுப் பெற வேண்டிய உரிமை இது, கூச்சப்பட வேண்டாம். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். உதவி எண் 14448. கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் 2022 செப்டம்பரிலிருந்து அங்கே புகார் கொடுக்கலாம்.

சட்டம் விட்டுவைத்த இடம்

அமெரிக்காவில் 2017ல் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்திடமிருந்து ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் தகவல் போனது. கடன் தகவலைக் காப்பதே தொழிலாகக் கொண்ட நிறுவனத்திலிருந்தே போனது என்பதால் நாடே கொதித்தது. மறு ஆண்டு செப்டம்பரில், யார் வேண்டுமானாலும் தன் கடன் அறிக்கையை இலவசமாக உறையவைக்கலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. உறையவைத்த அறிக்கையைப் புதிய கடன் கொடுப்பவர் பார்க்கவே முடியாது. பார்க்க முடியாததால் கடனும் கொடுக்கமாட்டார். திருடன் கையில் எல்லா எண்ணும் இருந்தாலும் வாசலிலேயே நிற்பான்.

நமக்குச் சட்டப்படி அப்படி ஓர் உரிமை இல்லை. 2023ன் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்குப் போகாது. அலட்சியத்தால் தகவலை இழந்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழி வைத்திருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பழைய 43ஏ பிரிவையும் இதே சட்டம் நீக்குகிறது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் கசிவைத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை நல்லதுதான். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். 2024ல் பான் எண்ணை இழந்தவர்களுக்கு இது காலம் கடந்த மருந்து. இலவச உறையவைப்பை இங்கேயும் உரிமையாக்க வேண்டும். மக்கள் அந்த நான்கு நிறுவனங்களைக் கெஞ்ச வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

திருத்தியபின்

பதிவு நீங்கியதாக மின்னஞ்சல் வந்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். கடன் நிறுவனம் சிபிலுக்கு மட்டும் திருத்தம் அனுப்பிவிட்டுத் தன் சொந்தப் பதிவேட்டை அப்படியே விட்டிருந்தால், அடுத்த தகவல் அனுப்பும் சுற்றிலேயே அந்தக் கடன் திரும்ப ஏறிவிடும். இரண்டு மாதம் கழித்து, புகார் கொடுக்காத வேறொரு நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வாராக்கடன் என்று, அத்தகைய கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தால், அதே கடன் வேறு பெயரில், வேறு கணக்கு எண்ணோடு வரும். அப்போது புதிதாகச் சண்டை போட வேண்டியதில்லை. முதல் நிறுவனம் கொடுத்த ‘இந்தக் கடனுக்கும் இவருக்கும் தொடர்பில்லை’ என்ற கடிதத்தின் நகலை அனுப்பினால் போதும். அந்தக் கடிதத்தைக் கடன் எண்ணோடும் கையெழுத்தோடும் கேட்டு வாங்கி, சிஎஸ்ஆர் ரசீது, பழைய அறிக்கைகள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றோடும் ஒரே உறையில் வீட்டுப் பத்திரத்தின் பக்கத்தில் வையுங்கள்.